தாய்ப்பாலுக்குத் துணை நின்றவர்கள்



நம் தோட்டப்புறங்களில் பால் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ரப்பர் மரத்திலிருந்து வடியும் பால். மற்றொன்று தாயின் மார்பில் சுரக்கும் பால். முதலாவதைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையப் பேசுகின்றன. எத்தனை ஏக்கரில் மரம் நட்டார்கள், எந்தத் துறைமுகத்தில் ஏற்றினார்கள் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. இரண்டாவது பாலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

பிள்ளை பெற்ற பெண்கள் பலர், "எனக்குப் பால் ஊறவில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பால் ஊறவில்லையா, அல்லது பால் ஊறுவதற்கு வேண்டிய துணை கிடைக்கவில்லையா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய நாட்களுக்குச் செல்வோம்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். அங்கே அம்மா, பாட்டி, அத்தை, மருத்துவச்சி என்று பலர் சுற்றியிருப்பார்கள். குழந்தையை எப்படி அணைத்துப் பிடிப்பது, மார்பு கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை அவர்களே கைபிடித்துக் காட்டுவார்கள். பூண்டும், முருங்கைக் கீரையும், சுறாப்புட்டும் சமைத்துப் போடுவார்கள். இந்த உதவிக்குக் காசு கிடையாது.

கப்பலேறி மலாயாவுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் போய்விட்டது. லயத்து அறையில் அவளுக்குத் துணையாக இருந்தவர்கள் பக்கத்து வீட்டு அக்காளும், அனுபவமுள்ள கிழவிகளுமே. அவர்கள் செய்த உதவி பெரிது. ஆயினும், நம்மிடம் பிழையான வழக்கம் ஒன்றும் இருந்தது. முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பிழிந்து கொட்டிவிட்டு, பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். நோயைத் தடுக்கும் சக்தி மிகுந்தது அந்தச் சீம்பால்தான் என்பதை மருத்துவம் இன்று தெளிவாகக் கூறுகிறது.

அதைவிடப் பெரிய தடை வேலை நேரம். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் மரம் வெட்டப் போவாள். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். வெட்டுக்காடு கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்து, கங்காணியும் நல்லவராக இருந்தால், இடையில் ஓடிவந்து பால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் மார்பு கனத்து வலிக்க, சட்டை நனைய, வேலையை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். கொட்டகையில் பிள்ளை பசித்து அழும். ஆயா என்ன செய்வாள்? டின் பாலைக் கரைத்துப் புகட்டுவாள்.

இங்கே ஓர் உண்மையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். தாய்ப்பால் என்பது பிள்ளை சப்பச் சப்ப ஊறுவது. கிணற்றில் இறைத்தால் ஊற்று ஊறுவதைப் போன்றது அது. பிள்ளையின் வயிறு டின் பாலால் நிறைந்துவிட்டால் மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் ஊறுவதும் குறையும். பிறகு இன்னும் கொஞ்சம் டின் பால் தேவைப்படும். இப்படியே சில வாரங்களில் தாய்ப்பால் வற்றிப்போகும். தாயோ, தன் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொள்வாள்.

அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தது சர்க்கரை சேர்த்த கட்டிப்பால். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரையே. கொழுப்பு நீக்கிய கட்டிப்பாலில் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமினும் இல்லை. அதையே உணவாக உண்ட பிள்ளைகளுக்குப் பார்வை பறிபோகும் ஆபத்து இருந்தது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரை அதிகம் ஊற்றிக் கரைத்தால் பிள்ளை மெலியும். தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

இந்தக் கொடுமையை வெளிப்படையாக எடுத்துச் சொன்னவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், பணியாற்றியபோது, குவாஷியோர்கர் என்னும் சத்துக்குறைவு நோயை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தவர். 1936ஆம் ஆண்டு அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் நோயுற்ற குழந்தைகளைக் கவனித்தபோது, ஒரு செய்தி அவரைத் திடுக்கிட வைத்தது. தாதியரைப் போல் உடையணிந்த பெண்களைச் சில பால் கம்பெனிகள் வீடு வீடாக அனுப்பின. டின் பாலே சிறந்தது என்று அவர்கள் இளந்தாய்மாரை நம்பவைத்தார்கள்.

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் உரையாற்றினார். அந்த உரைக்கு அவர் கொடுத்த தலைப்பு 'பாலும் கொலையும்' என்பதாகும். தவறான பிரசாரத்தால் குழந்தைகள் இறந்தால், அதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அவர் வாதிட்டார். செல்வாக்குள்ள வணிகர்கள் கூடிய சபையில் அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சில ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. டாக்டர் வில்லியம்ஸ் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். பசியும் நோயும் நிறைந்த அந்தச் சிறைவாசத்தில் 20 குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதுக்கும் தாய்ப்பாலே கொடுக்கப்பட்டது என்றும், இருபதும் பிழைத்தன என்றும் அவர் பின்னாளில் கூறினார். அரைவயிறு உண்ட தாய்மார்களாலும் பால் கொடுக்க முடிந்தது. அங்கே அவர்களைக் குழப்பப் பால் விற்பவர் எவருமில்லை. ஊக்கம் சொல்ல ஆள் இருந்தது. போருக்குப் பின் மலாயாவின் தாய்சேய் நலப் பணிகளுக்கு அவர் தலைமை ஏற்றார். 1948ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தில் அதே துறையின் முதல் தலைவரானார்.

அறிவுரை மட்டும் போதுமா? தாய்க்கு நேரமும் வேண்டுமல்லவா? 1919ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை செய்தது. பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் ஒரு நாளைக்கு இருமுறை அரைமணி நேரம் விட வேண்டும் என்று அது கூறியது. நம் தோட்டங்களில் அந்த அரைமணி பெரும்பாலும் கங்காணியின் தயவையே நம்பியிருந்தது. பிறகு 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் பேறுகால விடுப்பை 60 நாட்கள் என்று வகுத்தது. இரண்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் மரம் வெட்டப் போனாள். 2000ஆம் ஆண்டு அனைத்துலக உடன்படிக்கை இந்த விடுப்பை 14 வாரமாக, அதாவது 98 நாட்களாக, உயர்த்தியது. நம் நாட்டுச் சட்டம் 98 நாட்களை எட்டியது 2023 ஜனவரி முதல் தேதியில்தான். இதற்குள் எத்தனை தலைமுறைத் தாய்மார் வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவே தவித்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

டாக்டர் வில்லியம்ஸ் எழுப்பிய குரல் 1970களில் உலகெங்கும் எதிரொலித்தது. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய பால்மாவு நிறுவனத்தின் பொருள்களை வாங்குவதில்லை என்னும் இயக்கம் தொடங்கியது. 1979ஆம் ஆண்டு மலேசியா குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு ஒரு நன்னெறிக் கோவையை வகுத்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, பால்மாவு விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக விதிகளை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே.

விளம்பரத்தைத் தடுப்பது ஒரு பக்கம். தாய்க்குக் கைகொடுப்பது மறுபக்கம். இதிலும் முன்னோடிகள் சாதாரணத் தாய்மாரே. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏழு தாய்மார் கூடி, அனுபவமுள்ள தாய் புதிய தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டு அத்தகைய உதவிக் குழு ஒன்று தோன்றியது. அன்றைய லயத்துப் பெண்கள் சங்கம் என்ற பெயரில்லாமல் செய்துவந்த வேலையும் இதுவே. 1991ஆம் ஆண்டு உலகத் தாய்ப்பால் செயற்கூட்டணி அமைக்கப்பட்டபோது, அதன் தலைமைச் செயலகம் நம் பினாங்கில் அமைந்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் நடத்திவருவது அந்த அமைப்புத்தான். மருத்துவமனைகளிலும் மாற்றம் வந்தது. பிள்ளையைத் தாயின் பக்கத்திலேயே கிடத்துவது, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்கச் செய்வது, இலவசமாகப் பால்மாவு வழங்காதிருப்பது ஆகிய முறைகள் 1990களில் நம் அரசாங்க மருத்துவமனைகளில் பரவின.

இந்த வரலாற்றிலிருந்து இன்றைய இளந்தாய்க்கு என்ன பயன்? நாம் தோட்டத்தில் இருந்தாலும் சரி, தோட்டம் கைமாறிப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டாலும் சரி, துணை அருகிலேயே இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்குகளின் தாய்சேய்ப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணமில்லை, அல்லது மிகச் சொற்பமே. பிள்ளை பிறந்த முதல் சில வாரங்களில் தாதியர் வீட்டுக்கும் வந்து பார்க்கிறார்கள். அவர்கள் எடை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடாமல், அவர்கள் முன்னிலையிலேயே பால் கொடுத்துக் காட்டுங்கள். காம்பை மட்டும் சப்பினால் வலிக்கும், பாலும் வராது. சுற்றியுள்ள கரிய பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். இதைத் திருத்திக் காட்டினாலே பலருடைய கவலை தீர்ந்துவிடும். வேலைக்குத் திரும்பும் தாய், பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைக்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நம் பாட்டிமார் பயன்படுத்திய பால்சங்கால் அதைப் புகட்டலாம். புட்டியும் ரப்பர் காம்பும் வாங்கும் செலவும் மிச்சம். பேறுகால விடுப்பைப் பற்றிய சந்தேகத்தைத் தொழிற்சங்கத்தில் கேட்டறியலாம்.

நோயினாலோ வேறு காரணத்தாலோ உண்மையிலேயே பால் கொடுக்க இயலாத தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் குறைசொல்லக் கூடாது. பால்மாவை எவ்வாறு சரியான அளவில், கொதித்த நீரில் கரைப்பது என்பதையும் அதே தாதியர் சொல்லித்தருவார்கள்.

கணவன்மாருக்கும் மாமியார்களுக்கும் ஒரு சொல். முதல் ஆறு மாதத்திற்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். அந்த ஆறு மாதமும் சமையலையும் துணி துவைப்பதையும் வீட்டார் பகிர்ந்துகொண்டால், தாய் நிம்மதியாக உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். பக்கத்து வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெற்று வந்திருந்தால், அவளுக்குத் தாய்வீடு தொலைவில் இருக்குமானால், நாளைக் காலையே ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளை சப்புகிறதா, அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.