பொருளடக்கம் வந்த பாதை

புத்தாண்டு மலரைக் கையில் வாங்கியதும் எம்மவர் முதலில் புரட்டுவது பொருளடக்கத்தைத்தான். தங்கள் பிள்ளையின் கவிதை எத்தனையாம் பக்கம் என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பழைய மலர்களை மின்னூலாக்கும் வேலையை எமது சங்கம் என் தலையில் கட்டியது. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, 'சிகில்' என்ற இலவச மென்பொருளில் போட்டு, தலைப்புகளைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் வைத்தேன். பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.

முதற் பிரதி ஒரு மாமிக்குப் போனது. அவவுக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. கைத்தொலைபேசி வாசித்துச் சொல்லும். காலஞ்சென்ற கணவர் ஊர்க் கேணியைப் பற்றி 1996ஆம் ஆண்டு மலரில் எழுதியிருந்தார். ஒரு கிழமையால் மாமி கதைத்தா.

"தம்பி, அவற்றை கட்டுரை எங்கையப்பா? தலைவற்றை உரையை நாலு தரம் கேட்டுப்போட்டன்."

எமது மலர்களில் வாழ்த்துச் செய்திகள் எத்தனை பக்கம் என்பது வாசகர் அறியாததல்ல! பிழை என்னுடையது. பெரிய எழுத்து கண்ணுக்குத்தான் தலைப்பு. கணனிக்கு அது பெரிய எழுத்து, அவ்வளவுதான். 'இது தலைப்பு' என்று அடையாளம் இட்ட வரிகளை மட்டுமே மென்பொருள் பொறுக்கிப் பொருளடக்கம் ஆக்கும். நான் ஒன்றுக்கும் அடையாளம் இடவில்லை. பக்க எண்ணும் உதவாது. எழுத்தின் அளவை மாற்றினால் மின்னூலில் பக்கமே மாறிவிடும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோது, வழி நாம் வாழும் இதே சுவீடனில் வந்து நின்றது.

பொருளடக்கம் புதிதல்ல. உரோமாபுரியின் பிளினி கி.பி. 77 அளவில் எழுதிய 37 பாக 'இயற்கை வரலாற்றில்' முதலாம் பாகம் முழுக்க அதுதான். ஆனால் அது கண்ணால் பார்க்கிறவனுக்கு. பார்வையற்றவருக்கு நெடுங்காலம் ஒலிநாடாதான் புத்தகம். இருபது மணித்தியாலப் பாடநூல் என்றால் தொண்ணூறு நிமிட நாடா பதினாலு வேண்டும். ஏழாம் அத்தியாயம் எந்த நாடாவில்? ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி ஓடவிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இதைத் தீர்க்கத்தான் சுவீடனின் பேசும் நூல் நூலகம் முயன்றது. ஒலியோடு தலைப்புப் பட்டியல் ஒன்றையும் கோர்த்து, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ வழிசெய்த அந்த முறைக்கு 'டெய்சி' என்று பெயர். 1996ல் யப்பான், பிரித்தானியா, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளின் நூலகங்களும் சேர, அது சர்வதேச அமைப்பாயிற்று.

2007ல் 'ஈபப்' என்னும் பொது மின்னூல் வடிவம் வந்தபோது, பொருளடக்கத்துக்கென்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை. டெய்சியின் வழிகாட்டிக் கோப்பையே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கரான ஜோர்ஜ் கேர்ஷர் இரு பக்கமும் நின்றவர்: டெய்சியின் செயலாளர் நாயகம், ஈபப்பை வெளியிட்ட அமைப்பின் தலைவர். அவரும் பார்வை இழந்தவர். 2011ல் வந்த மூன்றாம் பதிப்பில் இணையப் பக்கம் போன்ற ஒரு பட்டியல் அந்தக் கோப்பின் இடத்தைப் பிடித்தது. தாவும் முறை மட்டும் அதேதான். பார்வையற்றோருக்காகச் செய்த வழியில் கண் தெரிந்த நாம் எல்லோரும் போய்வருகிறோம். நானோ அதை ஒரு பார்வையற்ற மாமிக்கே அடைத்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு முழுக்க இருந்து ஒவ்வொரு தலைப்புக்கும் அடையாளம் இட்டேன். மலரின் பகுதிகளுக்கு முதல் நிலை, கட்டுரைகளுக்கு இரண்டாம் நிலை. வாழ்த்துச் செய்திகள் அத்தனையும் ஒரே தலைப்பின் கீழ் அடங்கின. (தலைவர் மன்னிக்க.)

அன்றிரவே மாமி கதைத்தா. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கேட்டன் தம்பி. கேணியின்ரை வடக்குப் படியைத் தெற்கு எண்டு எழுதியிருக்கிறார். அந்த மனிசனுக்குத் திசை ஒருநாளும் தெரியாது."