கருணை மனுவில் இடம்பெறாத 77 பேர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கருணை மனு யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதற்கு 'பேர்ல்' கப்பல் வழக்கு ஒரு சாட்சி.

1848 ஏப்ரல் 15 இரவு, தலைநகர் வாஷிங்டனில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த 77 பேர் 'பேர்ல்' என்ற பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பினார்கள். எதிர்க்காற்றால் பொடோமாக் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்ட முடியவில்லை. நீராவிக் கப்பலில் துரத்தி வந்த ஆயுதக் கும்பல் அவர்களைப் பிடித்தது.

கப்பலைச் செலுத்திய டேனியல் டிரேட்டன், எட்வர்ட் சேயர்ஸ் என்ற இரு வெள்ளையர்மீது வழக்கு நடந்தது. டிரேட்டன்மீது முதலில் சுமத்தப்பட்ட குற்றம் திருட்டு. மனிதர் தப்பிக்க உதவியதை உடைமைத் திருட்டாகவே சட்டம் பார்த்தது. அந்தத் தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஆனால், அடிமைகளை ஏற்றிச் சென்ற குற்றத்திற்காக இருவருக்கும் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விழுந்தது. கட்டும்வரை சிறை. ஏழை மாலுமிகளுக்கு அது ஆயுள் தண்டனைதான்.

அவர்களுக்காக மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் குடியரசுத் தலைவர் மில்லர்ட் ஃபில்மோரை அணுகினார். அபராதத்தில் பாதி அடிமை உடைமையாளர்களுக்குச் சேரவேண்டியது. அடுத்தவருக்குரிய பணத்தைக் குடியரசுத் தலைவர் தள்ளுபடி செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. செய்யலாம் என்று சம்னர் சட்ட வாதம் எழுதிக் கொடுத்தார். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டவரே ஃபில்மோர். சத்தம் போட்டால் கதவு அடைபடும் என்று அஞ்சிய சம்னர், இருவரின் விடுதலை கோரி வந்த மனுவைச் செனட்டில் வைக்கவில்லை. அடிமை ஒழிப்பாளர்களே அவரைச் சாடினார்கள். ஃபில்மோரைக் கட்சி மீண்டும் வேட்பாளராக நிறுத்தாத பிறகு, 1852 ஆகஸ்டில் மன்னிப்பு வந்தது. அதே மாதம் சம்னர் அந்தச் சட்டத்தை எதிர்த்துச் செனட்டில் நீண்ட உரை ஆற்றினார்.

அந்த 77 பேர் என்ன ஆனார்கள்? பலரை உடைமையாளர்கள் அடிமை வியாபாரிகளிடம் விற்றார்கள். தப்பியதற்காக எந்த நீதிமன்றமும் அவர்களை விசாரிக்கவில்லை. அவர்கள் திருட்டுப்போன பொருளாகவே கருதப்பட்டார்கள். தீர்ப்பே இல்லாததால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. மேரி, எமிலி எட்மன்சன் சகோதரிகளை மீட்க அவர்களின் தந்தை பால் எட்மன்சன் நியூயார்க் சென்று உதவி கேட்டார். அங்கே திரட்டப்பட்ட 2,250 டாலரை வியாபாரியிடம் கொடுத்த பிறகே அவர்கள் விடுதலையானார்கள். ஆட்சியாளரின் கருணைக்கு அதில் இடமே இல்லை. விலை கொடுத்து வாங்கிய விடுதலை அது.

சம்னரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த இருவர் அதனால் வெளியே வந்தார்கள். ஆனால் கருணை மனு, சட்டம் தண்டித்தவருக்காக மட்டுமே பேசும். தண்டனை என்ற பெயர்கூட இல்லாமல் சட்டம் யாரை வதைக்கிறது என்ற கேள்வியை அந்த மனுவுக்கு வெளியே நின்றுதான் எழுப்ப வேண்டும். அதுவே நமது வேலை.