செம்பு அடியும் கிராபிக்ஸ் கார்டும்: ஓவர்கிளாக்கிங் கடந்து வந்த பாதை

போன வாரம் வகுப்பு நண்பன் ஒருத்தன் கேட்டான்: "பத்தாயிரத்துக்குள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு சொல்லுடா, ஓவர்கிளாக் பண்ணி பெரிய கார்டு மாதிரி ஓட்டிக்கலாமில்ல?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதோடு என் அக்காவின் தீபாவளி போனஸும் இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள் :-)

முதலில் ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன? ஒரு சிப் நொடிக்கு எத்தனை துடிப்பு துடிக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு அளவு வைத்து விற்கிறது. அதை நாம் ஏற்றுவதுதான். எப்படி ஏற்ற முடிகிறது? ஒரே தட்டில் வெட்டி எடுக்கும் சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் வராது. பனியன் கம்பெனி செக்கிங் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பீஸ் ஏற்றுமதிக்கு, சின்னக் குறை இருந்தால் செகண்ட்ஸ். சிப்பையும் அப்படித்தான் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஆனால் விலை குறைந்த சரக்குக்கு கிராக்கி கூடிவிட்டால், நல்ல பீஸிலேயே மலிவு லேபிளை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். ஓவர்கிளாக் செய்கிறவனுக்கு அதிர்ஷ்டம் அங்கேதான் இருந்தது.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கிராபிக்ஸ் கார்டு அல்ல, ஒரு பிராசஸர். 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலரான் 300ஏ. அதன் பெருக்கல் எண் 4.5. மதர்போர்டு துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 300. அதே மதர்போர்டை 100க்கு மாற்றினால்? 450! அதே மாதம் வந்த, பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 - 450 உடன் விளையாட்டுகளில் ஏறக்குறைய சமமாக ஓடியது. காசில்லாதவன் பணக்காரன் வேகத்தைத் தொடலாம் என்ற ஆசை உலகமெங்கும் பரவியது இந்தச் சிப்பால்தான்.

பெயரில் புதுசு, உள்ளே பழசு

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். 1996ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ வந்தது. அது முப்பரிமாணப் படத்துக்கு மட்டும்தான், சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும். 1999ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256ஐ விட்டு, அதற்கு 'ஜிபியு' என்று பெயரும் சூட்டியது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துக்களை என்விடியாவே வாங்க ஒப்பந்தம் போட்டது. அடுத்து நின்ற எதிரி ஏடிஐ. அதை 2006ல் ஏஎம்டி வாங்கியது.

நம்மைப் போன்ற பட்ஜெட் ஆட்களின் கதை 2002ல் சூடு பிடிக்கிறது. அந்த வருடம் ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் வந்தது. பெயரில் 4 இருக்கிறது. உள்ளே இருந்ததோ பெரும்பாலும் ஜீஃபோர்ஸ்2 காலத்துச் சரக்கு. புதிய விளையாட்டுகள் கேட்ட பிக்சல் ஷேடர் அதில் கிடையாது. 2003ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தபோது அந்தக் கார்டு வைத்திருந்தவர்களால் விளையாடவே முடியவில்லை. இதை எந்த ஓவர்கிளாக்காலும் சரிசெய்ய முடியாது. இல்லாத உறுப்பை வேகப்படுத்த முடியுமா?

இந்தத் தந்திரம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2017ல் வந்த ஜிடி 1030 கார்டில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது, நொடிக்கு 48 ஜிபி கடத்தும். 2018ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அது கடத்துவது 16.8 ஜிபி! பெட்டியின் மேல் இரண்டும் 2 ஜிபிதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, "எத்தனை ஜிபி" என்று மட்டும் கேட்டு வாங்குபவன் ஏமாறுவான். மெமரி எந்த வகை, எத்தனை பிட் பாதை என்று கேளுங்கள்.

பொற்காலம்

2002ல் ஏடிஐயின் ரேடியான் 9500 வந்தது. உள்ளே இருந்தது விலை உயர்ந்த 9700ன் அதே சிப், எட்டில் நான்கு பைப்லைன் மட்டும் மூடப்பட்டிருந்தது. குறிப்பிட்ட வகை போர்டாக இருந்தால், டிரைவரில் ஒரு மாற்றம் செய்து மூடியதைத் திறந்துவிடலாம். சிலருக்கு முழு 9700 கிடைத்தது. சிலருக்குத் திரையெங்கும் சதுரங்கக் கட்டம் கிடைத்தது, ஏனென்றால் அவர்கள் கார்டில் அந்தப் பகுதி நிஜமாகவே பழுது. செகண்ட்ஸ் பனியனில் ஓட்டை எங்கே என்று போட்டுப் பார்த்துதானே தெரியும்!

இதே ஆட்டம் 2010 டிசம்பரிலும் நடந்தது. ரேடியான் எச்டி 6950ல் 1408 ஷேடர்கள். பயாஸை மாற்றினால் 6970ன் 1536ம் திறந்தன. கார்டிலேயே இரண்டு பயாஸும் ஒரு சுவிட்சும் இருந்ததால் தைரியமாகச் செய்தார்கள், தப்பானால் பழையதற்குத் திரும்பலாம்.

அப்பா சொன்னது

இனி எங்கள் ஊர். திருப்பூர் என்றால் பனியன். ஆனால் அவிநாசி ரோட்டில் இருக்கும் எங்கள் அனுப்பர்பாளையம் என்றால் பாத்திரம். செம்பு, பித்தளை, எவர்சில்வர் பட்டறைகள். அப்பாவும் பட்டறைக்காரர்தான்.

என் கம்ப்யூட்டர் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ் கழித்துப் போட்டது. அக்கா இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை. போன வருடம் தீபாவளி போனஸில் ஆறாயிரத்தை என்னிடம் கொடுத்து, "உனக்கு வேண்டியதை வாங்கிக்க தம்பி, படிப்பையும் பாரு" என்றாள். பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று வாங்கினேன். கார்டைத் துடைக்கும்போது அப்பா வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல மட்டும் செம்பு வெச்சிருக்கான் கண்ணு, சுத்தியும் அலுமினியம். நம்ம எவர்சில்வர் சட்டிக்கு அடியில செம்பு ஒட்டறாப்ல."

அவர் பள்ளிக்கூடம் முடிக்காதவர். ஆனால் விஷயம் அதேதான். வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்புக்குச் சுமார் 400 (வாட், மீட்டர், கெல்வின் கணக்கில்), அலுமினியத்துக்கு 235 அளவில், எவர்சில்வருக்கு வெறும் 15 அளவில். சிப்பின் சூட்டைச் சட்டென்று உறிஞ்ச செம்பு, காற்றில் விட மலிவான, எடை குறைந்த அலுமினியம்.

அந்தச் சூடுதான் ஓவர்கிளாக்கிங்கின் எல்லை. சிப் தின்னும் மின்சாரம் துடிப்போடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். துடிப்பு 10%, வோல்டேஜ் 10% ஏற்றினால் 1.1 x 1.21, அதாவது 33% கூடுதல். வெளிநாட்டு விமர்சனங்களில் அறை 22 டிகிரியில் இருக்கும். எங்கள் தகரக்கூரை அறை ஏப்ரலில் 38. அங்கே 70 காட்டும் கார்டு இங்கே 85ஐத் தாண்டும்.

நான் இதையெல்லாம் படித்துவிட்டா செய்தேன்? இல்லை. ஸ்லைடரைத் தள்ளினேன். ஜிடிஏ 5ல் 42 ஃபிரேம் 46 ஆனது. நாலு ஃபிரேம்! இரண்டு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் 'டப்' என்று சத்தம், கருகல் வாசம். கார்டு பிழைத்தது. பெட்டியோடு வந்த பழைய எஸ்எம்பிஎஸ் போனது, போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அதில் என் செமஸ்டர் புராஜெக்ட் இருந்தது, அப்பாவின் இரண்டு வருடப் பட்டறைக் கணக்கும் இருந்தது. அப்பா திட்டவில்லை. ராத்திரி உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார். நானும் கூட உட்கார்ந்தேன். முழுசாக முடிக்க ஒரு மாதம் ஆனது. புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அக்காதான் கொடுத்தாள்.

இப்போது என்ன மிச்சம்?

2012ல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு என்விடியா 'ஜிபியு பூஸ்ட்' கொண்டுவந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை கார்டு தானே வேகம் ஏற்றிக்கொள்ளும். முன்பு நாம் கண்டுபிடித்த மிச்சத்தை இப்போது கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம்தான். செலரான் காலத்து 50% இனி கனவு.

பட்ஜெட் ஆட்களுக்கு உண்மையில் உதவியது வேறொன்று. 2014ல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டில் ஓடியது. ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டே போதும், தனி வயர் வேண்டாம். கழித்துப் போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு அதனால் மறுபிறவி கிடைத்தது. 2016ன் 1050 டிஐயும் அந்த வழிதான். ஆனால் அந்த 75 வாட்டையும் கொடுக்கப் போவது எஸ்எம்பிஎஸ்தான் என்பதை நான் மறந்துவிட்டேன். 2022 செப்டம்பர் 15ல் எத்தீரியம் முறை மாறி, கார்டு வைத்து அதைத் தோண்டும் தொழில் நின்றபின் பழைய கார்டுகள் சந்தையில் நிறைய வந்தன. வாங்கலாம், ஆனால் ஃபேனையும் பேஸ்ட்டையும் பார்த்து வாங்குங்கள்.

ஆக, நண்பனுக்கு என் பதில் இதுதான். பத்தாயிரத்தில் முதலில் நல்ல எஸ்எம்பிஎஸ். மிச்சக் காசுக்குக் கார்டு, பெயரைப் பார்க்காமல் மெமரி வகையைப் பார்த்து. வாங்கியபின் வேகத்தை ஏற்றாதே, வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிப் பார். அதே வேகம், குறைந்த சூடு. எங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் லாயக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக் கணக்கை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வை.

என் கார்டு இப்போது கம்பெனி வைத்த வேகத்திலேயே ஓடுகிறது. 42 ஃபிரேம். அக்கா சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கார் ஓட்டுவாள். இன்றுவரை ஒரு நாளும் ஃபிரேம் குறைவு என்று சொன்னதில்லை :-)