தாய்மார் சுமந்த பழி

1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலம் அது. குறை பெண்ணிடமல்ல, கதவடைத்த சமுதாயத்திடமே இருந்தது என்பதை வரலாறு மெய்ப்பித்தது.

ஓட்டிசம் உள்ளோரின் வரலாறும் இத்தகையதே. 1925இல் மொஸ்கோ மருத்துவர் குரூனியா சுகாரேவா ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளை விவரித்த பின்னரே அப்பெயர் நிலைத்தது. தொடர்ந்து வந்ததோ கொடுமை: அன்பற்ற தாயே காரணம் என்றனர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அப்பழியை நூலாகவே பரப்பினார். 1977இல் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்த ஃபோல்ஸ்டைனும் றட்டரும் பரம்பரைக் காரணத்தின் வலிமையைக் காட்டினர். விஞ்ஞானம் தாயை விடுவித்தது. நம் ஊர்களிலோ அப்பழி 'முன்வினை' என்னும் வேடத்தில் இன்னும் உலவுகிறது.

இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் செய்யலாகாது என்கிறது இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம். சட்டம் கதவைத் திறக்கலாம். வகுப்பறையில் இடந்தருவது நாமே. நாளின் ஒழுங்கைப் படங்களாக முன்கூட்டியே காட்டுவோம். ஒன்றைச் சொல்லிவிட்டு மறுமொழிக்குப் பொறுத்திருப்போம். இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு அமைதியான மூலை தருவோம். கண்ணைப் பார்த்துப் பேசென்று வற்புறுத்தோம். வளர்ந்தபின் அவர்களுக்குத் தொழிலும் தோழமையும் கேட்போம். இது இரக்கமன்று, உரிமை.