கருவுற்ற தாயும் ஒடு உருபும்

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கி. மு. 4-ஆம் நூற்றாண்டில், கருவுக்குத் தாய் தருவது பருப்பொருளே என்றும், அதனை இயக்கி உருவளிப்பது தந்தையின் வித்தே என்றும் நாட்டினார். கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் பெண்ணுக்கும் வித்துண்டென மறுத்தார். இருவர் ஆராய்ச்சியிலும் தாய் பேசப்படும் பொருளேயன்றிப் பேசுபவள் அல்லள்.

1984-இல் அமெரிக்க நாட்டுப் பெண்ணியத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் அம்மையார் இக்குறையை எடுத்துக்காட்டினார். கருவுற்றாள் தன்னுடலைத் தானாகவும் தானல்லாததாகவும் ஒருங்கே உணர்வாள். அகத்தே புரள்வது பிறிதோர் உயிராயினும் அப்புரளலை நேரே அறிபவள் அவளொருத்தியே. அவ்வறிவைப் பின்தள்ளி மருத்துவர் கருவி காட்டுவதையே பெரிதெனக் கொள்வது, அவளைத் தன் கருப்பத்துக்கே அயலாளாக்கும் என்பது அவர் துணிபு.

மணிவாசகப் பெருமான் அருளிய போற்றித் திருவகவலோ, இதற்கு மறுதலையாய், கருவிற் புக்க உயிரின் நிலையினின்று பாடப்பெற்றது. ஆண்டுத் தாய்வயிறு முதலில் இடமாகவே சுட்டப்படும். ஒவ்வொரு திங்களும் உயிர் தப்பிப் பிழைத்த ஓர் இடராக எண்ணப்படும். பத்தாந் திங்களிலேதான் தாயும் துன்புறுவாளாகத் தோன்றுகின்றாள். அத்துன்பக் கடலைச் சேய் தாயொடு படுகின்றது என்பர் அடிகள். படிப்போர் இவ்வொடு உருபை எளிதிற் கடந்துசெல்லுதல் கூடும். ஒருவினையில் உடனியையும் இருவருள் உயர்ந்தார் பெயரையே ஒடு சாரும் என்பது தொல்காப்பிய விதி. ஆகலின், அத்துயரில் தலைமை தாய்க்கே உரியது. சேய் அவளைச் சார்ந்தே துயருறுவதாயிற்று.