இடித்துரைத்த தொழிலாளர்

ஊதியம் பெறுவோர் தம் நிறுவனத்தின் குறையை ஊரறிய உரைத்தலை, உண்ட வீட்டிற்கு இரண்டகம் எனப் பழிக்கும் வழக்கு நம்மிடையே உண்டு. செஞ்சோற்றுக் கடனைப் போற்றும் மரபில் இது வியப்பன்று. ஆயினும், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இடித்துரைப்பாரையே அரசனுக்குக் காவலாகக் கொண்டார். இவ்விரு நெறிகளுள் ஆலைத் தொழிலாளர்க்குரியது யாது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

வடசென்னையில் மாசு பற்றிய குரல் பெரிதும் மீனவரிடமிருந்தும் குடியிருப்போரிடமிருந்தும் எழுந்தது. 2017 சனவரியில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரந்தபோதும் இதனைக் கண்டோம். தொழிலாளரே சான்றாக நின்ற நிகழ்ச்சியைக் காணக் கொடைக்கானலுக்குச் செல்லல் வேண்டும். அவர்தம் வழக்கைக் கேட்டதோ, சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள உயர்நீதிமன்றமாகும்.

கொடைக்கானலில் 1983-இல் பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய பாதரச வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் இயல்பான வெப்பநிலையிலேயே ஆவியாவது. அவ்வாவி கண்ணுக்குப் புலப்படாது நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 2001 மார்ச்சில், அவ்வாலையின் பாதரசம் படிந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு ஊரகத்துப் பழம்பொருட் கிடங்கொன்றில் இருப்பது வெளிப்பட்டது. அவ்வாண்டே ஆலை மூடப்பெற்றது. போதிய காப்பின்றிப் பாதரசத்தைக் கையாண்டு நோயுற்றதாக முன்னாள் தொழிலாளர் எடுத்துரைத்தனர். 2006-இல் உயர்நீதிமன்றத்தை அணுகினர். நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் கூற்று. 2016-இல், 591 முன்னாள் தொழிலாளர்க்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு ஏற்பட்டது.

இதனொடு சப்பான் நாட்டு மினமாட்டா நிகழ்ச்சியை ஒப்பிடலாம். சிசோ நிறுவன மருத்துவர் ஒசோகாவா, 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவொடு கலந்து கொடுத்து, நோயின் காரணம் அதுவே எனக் கண்டார். நிறுவனம் அதனை வெளியிடவில்லை. அவர் சான்றுரைத்தது, பணியினின்று நீங்கிப் பல்லாண்டு கழிந்தபின், 1970-இல், நோய்ப்படுக்கையிலிருந்தேயாம். அந்நிறுவனத் தொழிற்சங்கமோ, நோயுற்றோர்க்காகப் போராடாமையை வெட்கத்திற்குரியது என 1968-இல் அறிவித்தது.

இவற்றால் அறியப்படுவது ஒன்றுண்டு. உள்ளிருப்போரே முதலில் அறிகின்றனர். ஆயின் வாயிலைக் கடந்தபின்னரே வாய் திறக்கின்றனர். கொடைக்கானல் தொழிலாளர் வழக்காடியதும் ஆலை மூடிய பின்னரே. காரணம் நன்றியுணர்வன்று, பிழைப்பைப் பற்றிய அச்சமே. இடித்துரைப்பார் வாயடைத்த இடத்தில் கெடுவது ஆலை மட்டுமன்று, ஊரும் கெடும். ஆதலின் இடித்துரைத்தல் இரண்டகமன்று. தாமதியாது செலுத்த வேண்டிய கடனே என்க.