துறைமுகம் தந்த மரபுத்தொடர்கள்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில் அமைந்த கடற்கரை ஊர் நிலாவெளி. அங்கு வலையிழுப்போர் பேச்சிலே கயிறும் காற்றும் கரையும் நாள்தோறும் வழங்கும் சொற்கள். அணித்தேயுள்ள பெருந்துறைமுகத்திலோ, 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியது முதல், 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது வரை, ஆணையிடும் மொழி ஆங்கிலமாகவே இருந்தது.

ஆணையின் மொழியை அகராதி கொண்டு அறியலாம். மரபுத்தொடரை அவ்வாறு அறிதல் இயலாது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டவர் நகைப்புக்கு இடமாவர். ஏவிய பணியும் பிழைபடும். ஆங்கிலப் பள்ளியின் வாயில் சிலருக்கே திறந்திருந்த காலத்தில், இது தொழிலாளரின் மானத்தைப் பற்றிய செய்தியாகும்.

‘நோ த ரோப்ஸ்’ என்பது ஒரு தொடர். ‘கயிறுகளை அறிதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். பாய்க்கப்பலிலே கயிறுகள் பல; ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. ஒன்றை மாற்றி இழுப்பின் பாய் கிழியும். ஆகவே, வேலையின் நுட்பம் தெரிந்தவரைக் கயிறறிந்தவர் என்றனர். ‘டேக்கன் அபேக்’ என்பது மற்றொன்று. எதிர்க்காற்று திடீரென மோதிப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்த, கப்பல் முன்செல்லமாட்டாது தடைப்படும். அந்நிலையே மனிதனின் திகைப்புக்குப் பெயராயிற்று.

‘டர்ன் எ பிளைன்ட் ஐ’ என்பதற்குத் ‘தெரிந்தும் தெரியாததுபோல் இருத்தல்’ என்பது பொருள். கடற்படைத் தலைவர் நெல்சன் 1794இல் கோர்சிக்காத் தீவில் வலக்கண் பார்வையை இழந்தவர். 1801இல் கோப்பன்ஹேகன் போரில், பின்வாங்குமாறு காட்டிய கொடியைக் காண மறுத்துத் தொலைநோக்கியை அக்கண்ணில் வைத்தார் என்பது வழங்கிவரும் கதை. அவரே இளமையில் ‘சீஹார்ஸ்’ கப்பலில் பணியாற்றியபோது திருகோணமலைத் துறையையும் கண்டவர்.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கத்ததன்று. ‘கட்டமரான்’ நம் கட்டுமரமே. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே அச்சொல் இடம்பெற்றுள்ளது. ‘காயர்’ என்னும் ஆங்கிலச் சொல் மலையாளத்துக் ‘கயர்’ என்பதினின்று பிறந்தது. தமிழ்க் கயிற்றுக்கு அது உடன்பிறப்பு.

தமிழர் ‘கயிறு திரிக்கிறான்’ என்றால், அவன் பொய்யைப் புனைகிறான் என்பது கருத்து. ‘மகளைக் கரையேற்றினார்’ என்றால், மணம் முடித்தார் என்பது கருத்து. இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலேயனும் திகைப்பான். ஆகவே அயல்மொழித் தொடர் புரியாமை அறிவின் குறைவன்று. அது பிறந்த தொழிலை அறியாமையே. அத்தொழிலைக் காட்டிக் கற்பிப்பின் பொருள் எளிதில் விளங்கும்.

பாய்க்கப்பல்கள் மறைந்தன, அவற்றின் பேச்சு இன்று அலுவலக மேசைகளில் வாழ்கிறது. கடலையே காணாத எழுத்தரைக் காட்டிலும், காற்றையும் கயிற்றையும் கையால் அறிந்த நிலாவெளி மீனவர்க்கு அதன் உட்பொருள் அண்மையது.